மண் மறவாத கணக்கு

சான்பாடாவிலிருந்து காலா அம்பு வெகு தொலைவு. சண்டிகர் வரை புகைவண்டி. அப்பால் நாராயண்கட் வழியே பேருந்து. அறுவடை முடிந்த கோதுமை வயல்கள் ஓயுமிடத்தில் சிவாலிக் குன்றுகள் எழுகின்றன. இமயத்தின் முதற்படி அதுவே.

அங்கே தொழிற்சாலையொன்றில் பணிபுரியும் என் மகன், அரியானா எல்லைக்குள் ஒரு மனை பார்த்திருந்தான். பன்னிரண்டு ஆண்டுச் சேமிப்பு அது.

"இவ்வூர் முதியோர் எவரும் பெரிய நிலநடுக்கம் கண்டதில்லையாம், அப்பா" என்றான்.

நான் அவனை மார்க்கண்டா ஆற்றங்கரைக்கு அழைத்துச் சென்றேன். கரையில் வண்டல் ஏடு ஏடாகப் படிந்திருந்தது.

"தம்பி, முதியோர் காணாததை இம்மண் கண்டிருக்கிறது" என்று, புறப்படுமுன் படித்ததைச் சொன்னேன்.

பாரத நிலம் இமயத்தின் அடியில் ஓயாது நெருக்கிச் செல்கிறது. நெருக்கம் பல நூற்றாண்டுகள் அடங்கிக் கிடந்து, ஒரு கணத்தில் நிலத்தைப் பிளக்கிறது. பிளந்த ஏடுகளின்மேல் பின்னர் படியும் வண்டல் பிளவின்றிக் கிடக்கும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட காலமே நடுக்கம் நேர்ந்த காலம். ஏடுகளில் சிக்கிய கரித்துண்டுகளின் வயதை ரேடியோ கார்பன் முறையால் அறியலாம்.

செந்தில் குமார் முதலிய ஆராய்ச்சியாளர் காலா அம்பு அருகே பள்ளம் வெட்டி ஆராய்ந்து, 2001ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். கடந்த 650 ஆண்டுகளில் இருமுறை அங்கே நிலம் பிளந்திருக்கிறது. ஆளுயரத்தினும் மிகுதியாக நகர்ந்துமிருக்கிறது.

மகன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "மனையை விட்டுவிடட்டுமா?" என்றான்.

"வேண்டாம். பொறியாளரிடம் மண்ணைக் காட்டு. நடுக்கம் தாங்கும் கம்பிக் கட்டுடன் வீட்டைக் கட்டு. செலவு மிகுந்து மாடி ஒன்று குறைந்தால் குறையட்டும்."

அன்பர்களே, இது இமயத்துக்கு மட்டும் உரிய செய்தியன்று. தக்காணப் பாறை அசையாதது என்றே ஒரு காலத்தில் பலரும் நம்பினர். 1967 டிசம்பர் 11 விடியற்காலையில் கொய்னா நடுங்கியது, மும்பையும் அதிர்ந்தது. அந்நம்பிக்கை அன்றோடு தளர்ந்தது.

பிறந்த ஊரில் வாழ்வோருக்கு அம்மண்ணின் பழங்கதையைப் பாட்டன் சொல்லுவான். பெயர்ந்து வந்த நமக்கு அதைச் சொல்வாரில்லை. ஆதலால், குடியேறும் இடத்தில் வீடு கட்டுமுன் மண்ணை அறிந்தாரைக் கேட்பது நம் கடமையாகும்.

மகன் கடைக்கால் போட்டுவிட்டதாக எழுதியிருக்கிறான். மாடி ஒன்றுதானாம்.