பேர்லினில் ஒரு தஞ்சக் கோயில்

பேர்லின் என்றதும் பலருக்கு இடிக்கப்பட்ட மதிலும் பிராண்டன்பேர்க் வாசலுமே நினைவுக்கு வரும். எண்பதுகளின் தொடக்கத்தில் வந்த எம்மவருக்கோ வேறொரு பேர்லின் தெரியும். கிழக்குப் பகுதியின் ஷோனபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, பிரீட்ரிக் வீதி ரயில் நிலையத்தால் மேற்குப் பக்கம் நுழைந்து, 'அசூல்' என்ற ஒரேயொரு சொல்லை மனப்பாடம் செய்துகொண்டு நின்ற நகரம் அது. வேறு நாட்டு விசா இல்லாத இலங்கையருக்கு இடைவழி அனுமதி கொடுப்பதை 1985இல் கிழக்கு ஜேர்மனி நிறுத்தும்வரை அந்தப் பாதை திறந்திருந்தது.

அண்மையில் நாம் சில குடும்பங்களாகச் சேர்ந்து பேர்லின் சென்றோம். எம்மில் சைவர்களும் கிறிஸ்தவர்களும் இருந்தோம். உல்லாசப் பயணிகள் அதிகம் தேடாத இரண்டு இடங்களைப் பற்றி இங்கே எழுதுகின்றோம். ஏனெனில் அவை அகதிகளின் வரலாற்றோடு பிணைந்தவை.

முதலாவது, விலங்கியல் பூங்கா ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள ஹார்டன்பேர்க் வீதி. இங்கே 20ஆம் இலக்கக் கட்டடத்தின் முன்னால் 1996இல் வைக்கப்பட்ட ஒரு நினைவுக்கல் இருக்கின்றது. அப்போது நிர்வாக நீதிமன்றம் இங்குதான் இயங்கியது. செமால் கெமால் அல்துன் என்ற 23 வயதுத் துருக்கிய இளைஞர், 1980 இராணுவப் புரட்சிக்குப் பின் நாட்டை விட்டுத் தப்பி வந்து தஞ்சம் கேட்டவர். அவரை ஒப்படைக்கும்படி துருக்கி கேட்டதால் 13 மாதங்கள் சிறையில் வைக்கப்பட்டார். 1983இல் அவர் அகதியென ஏற்கப்பட்டார். ஆனால் அந்த முடிவை எதிர்த்து ஜேர்மன் அரசின் தஞ்ச விவகார அதிகாரியே வழக்குத் தொடுத்தார். வழக்கு நடந்துகொண்டிருந்த 1983 ஆகஸ்ட் 30ஆம் திகதி, அல்துன் நீதிமன்றத்தின் ஆறாம் மாடி யன்னலால் குதித்து உயிரை விட்டார். கொழும்பிலே ஆடிக் கலவரம் நடந்து அப்போது ஒரு மாதம்தான் கழிந்திருந்தது.

அங்கிருந்து ரயிலில் ஹலெஷஸ் தோர் நிலையத்துக்குப் போய், கால்வாயைக் கடந்து, அமெரிக்க நினைவு நூலகத்தைத் தாண்டி நடந்தால் பெரிய கோபுரத்துடன் செங்கற் கோயில் ஒன்று தெரியும். அதுதான் குறொய்ஸ்பேர்க் பகுதியின் திருச்சிலுவைக் கோயில். 1888இல் திறக்கப்பட்ட இந்தப் புரட்டஸ்தாந்து கோயில் உலகப் போரில் சேதமடைந்தது. தொண்ணூறுகளில் உள்ளே கண்ணாடியும் உருக்கும் சேர்த்துப் புதுப்பிக்கப்பட்டது. வழிபாட்டோடு கூட்டங்களும் நடக்கின்ற இடம்.

அல்துனை ஒப்படைக்கக் கூடாதென்று உண்ணாவிரதம் இருந்தவர்களுக்கு இடம் கொடுத்தது இந்தக் கோயில். அவர் இறந்தபின் துக்கம் கொண்டாடுவதோடு இச்சபை நின்றுவிடவில்லை. அதே ஆண்டின் இறுதியில், போர் நடந்துகொண்டிருந்த லெபனானுக்குத் திருப்பி அனுப்பப்படவிருந்த பலஸ்தீனக் குடும்பங்களை உள்ளே எடுத்தது. ஜேர்மனியில் 'தேவாலயத் தஞ்சம்' எனப்படும் வழக்கம் இங்கிருந்துதான் தொடங்கியதென்பர். 1993இல் அரசியலமைப்பின் தஞ்ச உரிமை பெரிதும் குறுக்கப்பட்டது. அடுத்த ஆண்டே, தஞ்சம் கொடுக்கும் சபைகள் நாடளாவிய அமைப்பொன்றை உருவாக்கிக் கொண்டன.

தேவாலயத் தஞ்சம் என்றால் ஒளித்து வைப்பதல்ல. இன்னார் எம்மிடம் இருக்கிறார் என்று முகவரியோடு அதிகாரிகளுக்கு அறிவிப்பார்கள். சபை நிர்வாகம் கூடி முடிவெடுக்கும். உணவு, மருந்து, சட்டத்தரணி என்று செலவை ஏற்கும். உள்ளே இருப்பவர் மாதக்கணக்கில் வளவை விட்டு வெளியே போகமாட்டார். முதலில் காலடி வைத்த ஐரோப்பிய நாட்டுக்கே திருப்பி அனுப்பும் டப்ளின் விதியில் சிக்கியவர்களே இப்போது பெரும்பாலும் இவ்வாறு இருக்கின்றார்கள். உரிய காலக்கெடு கழிந்தால் ஜேர்மனியே அவர்களது வழக்கைக் கேட்க வேண்டும். தஞ்சம் பெறுபவர் கிறிஸ்தவராக இருக்க வேண்டுமென்ற நிபந்தனையும் இல்லை.

கோயில் என்ன, சட்டத்துக்கு மேலானதா என்று கேட்கும் அரசியல்வாதிகள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கின்றார்கள். சட்டத்துக்கு மேலே நிற்கவில்லை, இன்னொரு முறை பாருங்கள் என்று மட்டுமே கேட்கின்றோம் என்பது சபைகளின் பதில். இது உரிமையல்ல, அரசு பொறுத்துக்கொள்ளும் ஒரு வழக்கம் மட்டுமே. 2024இல் ஹம்பேர்க்கில் கத்தோலிக்கக் கோயில் ஒன்றில் தஞ்சமிருந்த ஆப்கானியர் ஒருவரைப் பொலிசார் அங்கிருந்தே கொண்டுபோய் சுவீடனுக்கு அனுப்பினார்கள்.

வேதாகமத்தில் அடைக்கலப் பட்டணங்கள் ஆறு சொல்லப்படுகின்றன. எகிப்தில் நீங்களும் அந்நியராய் இருந்தீர்கள், ஆகையால் அந்நியனை ஒடுக்காதீர்கள் என்பது மோசேயின் சட்டம். குழந்தை இயேசுவே ஏரோதுக்குத் தப்பி எகிப்துக்குக் கொண்டு செல்லப்பட்டவர். இவற்றை ஞாயிறுதோறும் வாசிப்பது சுலபம். பசித்தவனுக்குச் சோறு கொடுப்பது இரக்கம். அவனை ஏன் திருப்பி அனுப்புகிறீர்கள் என்று அதிகாரியின் முகத்துக்கு நேரே கேட்பது நீதி. இரண்டாவதற்கு விலை உண்டு. இந்தச் சபை அந்த விலையைக் கொடுக்கத் துணிந்தது.

வாசகர்களே, இன்று எம்மில் பலரிடம் ஐரோப்பியக் கடவுச்சீட்டு இருக்கின்றது. புதிதாக வரும் சிரியரையும் ஆப்கானியரையும் பற்றி, எம்மைப் பற்றி அன்று மற்றவர்கள் பேசியது போலவே, எமது விருந்துகளிலும் பேச்சு அடிபடுகின்றது. நாமும் ஒருநாள் யாரோ ஒருவரின் கதவு திறக்குமா என்று பார்த்து நின்றவர்கள்தாம். உங்கள் ஊர்ச் சபையில் அகதிகளுக்கு உதவும் குழு இருந்தால் சென்று விசாரியுங்கள். மொழிபெயர்க்க ஆள் தேவைப்படலாம், பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் கொடுக்க ஆள் தேவைப்படலாம். எந்தச் சமயத்தவரானாலும் எம்மால் செய்யக்கூடியவை இவை.