பலகை வாங்குமுன் களைத்த காலைக் கேள்

பதிவு கொஞ்சம் நீளம். சாயங்காலம் டீ குடித்துக்கொண்டே படியுங்கள்.

நம் பள்ளியின் 2004 பிளஸ் டூ பேட்ச் மாணவன் ஒருவன் வேலை மாறி ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்கு வந்திருக்கிறான். போன வாரம் இன்பாக்ஸில் கேட்டிருந்தான்: "சார், நீங்க கடல்ல பலகை மேல நின்னு துடுப்பு போடுற போட்டோ பாத்தேன். நானும் அதுல இறங்கலாம்னு இருக்கேன். ரேஸ்காரங்க வச்சிருக்கிற மாதிரி 24 இஞ்ச் அகலத்துல பழைய போர்டு ஒண்ணு நல்ல விலைக்கு வருது. வாங்கலாமா?"

"வாங்காதே" என்று ஒரே வார்த்தையில் பதில் போட்டிருக்கலாம். ஏன் என்று சொல்லாமல் விட்டால் நான் என்ன வாத்தியார்? ஆனால் ஏன் என்று சொல்ல வேண்டுமானால், உறவுகளில் பலருக்குத் தெரியாத ஒரு விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். மகளிடம் கேட்டேன். "எழுதுங்கப்பா, நாலு பேருக்கு உதவட்டும்" என்றாள். அதனால் எழுதுகிறேன்.

நான் நாகப்பட்டினம் கடற்கரையில் பிறந்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். அப்பா கட்டுமரத்தில் போனவர். மரங்களைக் கயிற்றால் சேர்த்துக் கட்டிக் கடலில் தள்ளுவார். கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மணலில் காயப் போடுவார். என்னை மட்டும் மரத்தில் ஏறவிடவில்லை. "நீ படி" என்பதுதான் அவர் சொன்ன ஒரே வார்த்தை. படித்தேன். முப்பத்து மூன்று ஆண்டு இயற்பியல் நடத்தினேன். மிதப்பு விசையைக் கரும்பலகையில் அம்புக்குறி போட்டுச் சொல்லிக் கொடுத்தேனே தவிர, கடலில் அதன் மேல் நின்றதில்லை.

ஓய்வு பெற்ற பிறகு மகள் வீட்டுக்கு பெர்த் போனேன். அங்கே கோடைக்காலத்தில், டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, மதியத்துக்கு மேல் கடலிலிருந்து தென்மேற்குக் காற்று கிளம்பும். வெயிலில் வெந்த ஊரையே குளிர வைப்பதால் அதற்கு 'ஃப்ரீமேண்டில் டாக்டர்' என்று பெயர். எங்கள் பக்கம் இதைக் கச்சான் என்போம். அந்தக் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு, அது எழுப்பும் அலைகளில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் சறுக்கிக்கொண்டே கரையை ஒட்டி வடக்கே போவதுதான் இந்த விளையாட்டு. டவுன்விண்ட் என்கிறார்கள். மாப்பிள்ளை ஐந்து வருடமாகப் போகிறார். அவர் போவதைப் பார்த்தபோது, அறுபது வயதில் எனக்கு என் அப்பாவின் கடல் திரும்பக் கிடைத்தது போல இருந்தது.

அங்கேதான் என் கர்வம் வந்தது. 'கட்டுமரக்காரன் மகனுக்கு அகலப் பலகை எதற்கு?' என்று மாப்பிள்ளையின் யோசனையைக் கேட்காமல், 14 அடி நீளம், 24 அங்குல அகலமுள்ள பழைய பந்தயப் பலகை ஒன்றை வாங்கினேன். ஸ்வான் ஆற்றில் பத்து நாள் பழகினேன். விழவே இல்லை. "நான் ரெடி" என்று சொல்லிவிட்டேன்.

ஒரு ஜனவரி மாதம், மதியம் மூன்று மணி. காட்டஸ்லோ கடற்கரையிலிருந்து ஸ்கார்பரோ வரை, சுமார் 11 கிலோமீட்டர். காற்று மணிக்கு 35 கிலோமீட்டர் வேகம். மகளும் பேத்தியும் என் துணைவியாரும் ஸ்கார்பரோ கரையில் காத்திருந்தார்கள்.

வடக்கே போகும்போது காற்றலை இடப்பக்கப் பின்புறத்திலிருந்து வருகிறது. அதன் அடியில் பெருங்கடலின் நீண்ட அலை மேற்கே இருந்து, அதாவது நேர் இடப்பக்கத்திலிருந்து வருகிறது. கரையில் மோதித் திரும்பும் தண்ணீர் வலப்பக்கம். ஆற்றில் இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை. முதல் கிலோமீட்டரில் ஆறு முறை விழுந்தேன். இரண்டாவதில் எண்ணுவதை விட்டுவிட்டேன். விழுவது பெரிய விஷயமில்லை, ஏறுவதுதான். ஒவ்வொரு முறை ஏறும்போதும் கையிலும் தொடையிலும் இருந்த பலத்தில் ஒரு பங்கு போயிற்று. பலம் குறையக் குறைய இன்னும் சீக்கிரம் விழுந்தேன். நாலாவது கிலோமீட்டர் அளவில் ஏறிப் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. கால் நடுங்கிக்கொண்டே இருந்தது.

மாப்பிள்ளை பக்கத்தில் வந்து, "மாமா, நிக்காதீங்க. முட்டி போடுங்க" என்றார்.

முட்டி போட்டேன். பலகை அடங்கியது. அப்படியே மீதி ஏழு கிலோமீட்டரும் வந்தேன். ஒன்றரை மணி நேரத்தில் வருவோம் என்று சொல்லியிருந்தோம். இரண்டே முக்கால் மணி ஆனது. கரையில் மகள் கையில் போனுடன் நின்றிருந்தாள். அவசர உதவிக்கு 000 அழுத்த விரல் போய்விட்டது என்று பிறகு சொன்னாள். நான் மணலில் கால் வைத்ததும் அவள் திட்டவில்லை. ஒன்றும் பேசாமல் கார் வரைக்கும் முன்னால் நடந்து போனாள். பேத்திதான், "தாத்தா, நீங்க ஏன் உக்காந்துக்கிட்டே வந்தீங்க?" என்று கேட்டாள்.

அன்று இரவு தூக்கம் வரவில்லை. எழுந்து ஒரு தாளை எடுத்துக் கணக்குப் போட்டேன். என் மாணவர்களுக்கு அந்தக் கணக்கு புரியும்.

மிதக்கும் பொருள் சாயும்போது அதை நிமிர்த்தும் திறன், அது தண்ணீரில் தொடும் அகலத்தின் மும்மடியைப் பொறுத்தது. 24 அங்குலத்தை 28 ஆக்கினால் கூடுவது நாலே அங்குலம்தான். ஆனால் நிமிர்த்தும் திறன் சுமார் 1.6 மடங்கு ஆகிறது. அடுத்தது ஈர்ப்பு மையம். நிற்கும் மனிதனின் ஈர்ப்பு மையம் பாதத்திலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்தில், தொப்புளை ஒட்டி இருக்கிறது. என் எடை 74 கிலோ, உயரம் 170 செ.மீ. தோராயமாகப் போட்டுப் பார்த்ததில், 24 அங்குலப் பலகை தன் மேல் 60 செ.மீ. உயரம் வரைக்கும் உள்ள மையத்தைத்தான் தானாகத் தாங்கும். அதற்கு மேலே இருப்பதையெல்லாம் தாங்கியது என் கணுக்காலும் முழங்காலும் இடுப்பும்தான். 28 அங்குலத்தில் அந்த உயரம் என் ஈர்ப்பு மையத்துக்கு மிக அருகில் வந்துவிடுகிறது. முட்டி போட்டதும் பலகை ஏன் அடங்கியது என்பதும் இதிலேயே இருக்கிறது.

ஆக, குறுகிய பலகை என்பது உன் உடம்பிடம் கடன் வாங்கி நிற்கிற பலகை. உடம்பில் தெம்பு உள்ளவரை அது தெரியாது. தெம்பு தீர்ந்த நிமிடம் கடனைத் திருப்பிக் கேட்கும். அப்போது நீ கரையிலிருந்து எத்தனை தூரத்தில் இருக்கிறாய் என்று அது பார்க்காது.

"அப்படியானால் இருப்பதிலேயே அகலமானதை வாங்கிவிடலாமே சார்?" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல் கேட்கிறது. அதையும் செய்து பார்த்தேன். 32 அங்குலப் பலகை ஒன்றை இரவல் வாங்கிப் போனேன். ஆற்றில் திண்ணை மாதிரி இருந்தது. கடலில் வேறு கதை. தட்டையான அகலப் பலகை தண்ணீரின் மேற்பரப்போடு ஒட்டிக்கொள்ளும். பக்க அலை வந்து தண்ணீர் சாய்ந்தால் பலகையும் அதே அளவு சாய்ந்து உன்னைத் தள்ளும். வேகம் பிடிக்கவும் நேரமாகிறது; அலை உன்னை ஏற்றிக்கொள்ளாமல் அடியால் நழுவிப் போய்விடும். நிற்கும் பலகையைவிட ஓடும் பலகைதான் ஆடாது. சைக்கிள் ஓட்டியவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியில் நான் எடுத்தது 14 அடி நீளம், 28 அங்குல அகலம், சுமார் 300 லிட்டர் கொள்ளளவு. என்னைவிடக் கனமானவர்கள் இன்னும் ஓரிரு அங்குலமும் அதற்கேற்ற லிட்டரும் கூட்டிப் பார்க்கலாம். அகலம் மட்டும் பார்த்தால் போதாது. தம்பி, நீ பார்க்க வேண்டியவை இவை:

1. அணியத்தின் வளைவு. ராக்கர் என்பார்கள். முன்முனை மேல்நோக்கி வளைந்திருக்க வேண்டும். அலையில் சறுக்கி இறங்கும்போது முனை முன்னால் உள்ள அலையில் குத்திக்கொண்டால் குப்புற விழுவாய். அமைதியான நீருக்கான பந்தயப் பலகைகளில் இந்த வளைவு குறைவு. உனக்கு வருகிற பலகையில் முதலில் இதைப் பார்.

2. அமரத்தின் அகலம். அலை பின்னால் தூக்கும்போது முன்னே நகர வேண்டும். பலகை ஓட ஆரம்பித்ததும் இரண்டு எட்டு பின்னே வர வேண்டும். பின்பகுதி மிகவும் ஒடுங்கியிருந்தால் அங்கே கால் வைக்கவே பயமாக இருக்கும். கால் நகராதவனுக்கு அலை கிடைக்காது. ரொம்ப அகலமாக இருந்தாலும் பின்னலை அதைப் பிடித்துத் திருப்பிவிடும். நடுத்தரமாக இருக்கட்டும்.

3. நிற்கும் தளம். சில பலகைகளில் நடுப்பகுதி பள்ளமாக இருக்கும். ஐந்து செ.மீ. தாழ்ந்தாலும் ஈர்ப்பு மையம் ஐந்து செ.மீ. தாழ்கிறது. பள்ளத்தில் தண்ணீர் தேங்காமல் வெளியேற நல்ல துளை இருக்கிறதா என்று பார்த்துக்கொள். காற்றடைக்கும் பலகை கார் டிக்கியில் அடங்கும் என்பதற்காக அதற்கு ஆசைப்படாதே. தடிமனால் உன்னை உயரத்தில் நிறுத்தும். அலையில் நடுவே வளையும்.

4. அடியில் உள்ள ஃபின். கொஞ்சம் பெரியதாகப் போட்டால் பலகை உருளுவது குறையும். பலகையை மாற்றுவதைவிட இது மலிவான வைத்தியம்.

இப்போது முக்கியமானது: எப்படிச் சோதிப்பது? நான் செய்த தவறு, தெம்பாக இருந்த நேரத்தில், ஆடாத தண்ணீரில் சோதித்தது. வகுப்பில் நடத்திய கணக்கையே பரீட்சையில் கேட்ட மாதிரி. மார்க் வரத்தான் செய்யும்.

இரண்டாவது முறை வேறு விதமாகச் செய்தேன். முதலில் வேறொரு பலகையில் ஒரு மணி நேரம் துடுப்பு போட்டுக் கால் களைக்கும்வரை காத்திருந்தேன். அதற்குப் பிறகுதான் புதுப் பலகையில் ஏறினேன். படகுகள் போய் அலை எழுப்பும் இடமாகப் பார்த்து, அலைக்குப் பக்கவாட்டில் நின்றேன். துடுப்பைத் தண்ணீரில் ஊன்றாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு இருபது வரை எண்ணினேன். தோளுக்கு மேலே திரும்பிப் பின்னால் பார்த்தேன். மூன்று எட்டு பின்னே போய் முன்னே வந்தேன். வேண்டுமென்றே ஐந்து முறை விழுந்து ஏறினேன். ஐந்தாவது முறை ஏறியதும் எழுந்து நிற்க முடிந்தது. அதுதான் என் பலகை என்று தெரிந்துகொண்டேன்.

மகளிடம் கணக்குப் போட்ட தாளைக் காட்டினேன். கணக்கை அவள் பார்க்கவில்லை. "இனிமே மாப்பிள்ளை வேண்டாம்னா வேண்டாம். சரியா?" என்றாள். சரி என்றேன். அதற்குப் பிறகுதான் கடலுக்குப் போக விட்டாள்.

அடுத்த கோடையில் அதே காட்டஸ்லோ, அதே ஸ்கார்பரோ, ஏறக்குறைய அதே காற்று. பதினோரு முறை விழுந்தேன். ஒரு மணி ஐம்பது நிமிடத்தில் கரைக்கு வந்தேன். வேகமான பலகையில் இரண்டே முக்கால் மணி, மெதுவான பலகையில் ஒன்றே முக்காலுக்குச் சற்று மேல். நிற்க முடிந்ததால் கால் நகர்ந்தது. கால் நகர்ந்ததால் அலை கிடைத்தது. கரை தெரிந்ததும் பேத்தி கை காட்டுவது தெரிந்தது. நானும் ஒரு கையைத் தூக்கிக் காட்டினேன். உடனே விழுந்தேன். அந்தப் பதினோராவது விழுதல் கணக்கில் சேராது என்பது பேத்தியின் தீர்ப்பு.

தம்பி, 24 அங்குலப் பலகை கெட்ட பலகை இல்லை. அதில் பறக்கிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டு மூன்று கோடை போன பிறகு நீயும் அதற்கு வரலாம். இன்றைக்கு வேண்டாம். நல்ல விலைக்கு வருகிறது என்கிறாயே, விற்பவன் ஏன் விற்கிறான் என்றும் ஒரு முறை கேட்டுப் பார். நான் என் பழைய பலகையை விற்றபோது யாரும் என்னிடம் அதைக் கேட்கவில்லை.

ஒன்று மட்டும் கட்டாயம். எந்தப் பலகையானாலும் லைஃப் ஜாக்கெட் போடு. பலகையைக் காலோடு இணைக்கும் லீஷைக் கட்டு. அந்தக் காற்றில் கைவிட்டுப் போன பலகையை நீந்திப் பிடிக்க முடியாது. முட்டி போட்டு வந்த அன்று என்னைக் கரை சேர்த்தது அந்தக் கயிறும்தான். தனியாகப் போகாதே. கரையில் ஒருவரிடம் எத்தனை மணிக்கு வருவாய் என்று சொல்லிவிட்டுப் போ. போனை நீர் புகாத உறையில் போட்டு உடம்போடு வைத்துக்கொள்.

அப்பா கட்டுமரத்தில் பெரும்பாலும் முட்டி போட்டுத்தான் துடுப்பு போடுவார். சின்ன வயதில் அதைப் பார்த்து, நின்று போகத் தெரியாதவர் என்று நினைத்திருக்கிறேன். காற்று அடங்கிய நேரத்தில் நிற்பார். திரும்பி வரும்போது, களைத்த நேரத்தில், முட்டி போட்டு வருவார். அவருக்கு அந்தக் கணக்கு தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தாள் வேண்டியிருந்தது.

பலகை வாங்கியதும் போட்டோ அனுப்பு. லீஷும் ஜாக்கெட்டும் தெரிகிற மாதிரி எடு. இல்லாவிட்டால் லைக் கிடையாது, இம்போசிஷன்தான்.

அன்புடன்,
உங்கள் இயற்பியல் வாத்தியார்