கண்ணாடி இல்லாத கேமராவும் கண்ணாடி போட்ட நானும்

போன வாரம் பீரோவைச் சுத்தம் செய்யும்போது ஒரு பழைய காகிதம் கிடைத்தது. நானே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, என் கையெழுத்தில் எழுதிய கம்பேரடிவ் ஸ்டேட்மெண்ட். தேதி டிசம்பர் 2019. மூன்று கேமராக் கம்பெனிகள், ஏழு காலம், கடைசியில் சிவப்பு மையில் 'எல்-1'. பணி ஓய்வு பெற்று ஒன்பது வருடம் ஆன பிறகும் இந்தப் புத்தி போகவில்லை என்று வீட்டுக்காரி அன்று சிரித்தாள். அந்தக் காகிதத்தின் கதையைத்தான் இன்று எழுதப் போகிறேன்.

என் தங்கை மகன் கல்யாணப் போட்டோகிராபர். புதுச்சேரியில் ஆரம்பித்து கடலூர், விழுப்புரம் வரை போய் எடுப்பான். ஒரு நாள் சாயங்காலம் வந்து, காபி குடித்து முடிக்கும் வரை எதுவும் பேசாமல் இருந்தான். பிறகு, "மாமா, ஒரு மூணரை லட்சம் வேணும். மிரர்லெஸ்ஸுக்கு மாறணும்" என்றான்.

"மிரர்லெஸ்ஸுன்னா?"

"உள்ள கண்ணாடி இல்லாத கேமரா மாமா."

சமையல்கட்டிலிருந்து குரல் வந்தது. "இருந்த கண்ணாடியை எடுத்துட்டாங்கன்னா விலை குறையணுமேடா?"

அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. நானும் அதைத்தான் நினைத்தேன். ஸ்டோர்ஸ் பிரிவில் பன்னிரண்டு வருடம் இருந்தவன் ஆயிற்றே. விசாரிக்காமல் ரூபாய் தருவேனா? "ஒரு வாரம் டயம் கொடு" என்றேன்.

அந்த ஒரு வாரம் முழுக்க பேரனின் டேப்லெட்டில் படித்தேன். நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன் என்பது இந்தப் பக்கத்தை வாசிப்பவர்களுக்குத் தெரியும். ஆங்கிலத்தில் சந்தேகம் வந்தால் பிரெஞ்சில் தேடுவேன். அதில் ஒரு வேடிக்கை. ஆங்கிலேயன் இந்தக் கேமராவுக்கு அதில் எது இல்லையோ அதை வைத்துப் பெயர் வைத்திருக்கிறான், மிரர்லெஸ் என்று. பிரெஞ்சுக்காரன் 'இப்ரீத்' என்கிறான், கலப்பினம். தமிழில் கண்ணாடி இல்லாத கேமரா என்று சொன்னால், மூக்குக் கண்ணாடியை எங்கேயோ வைத்துவிட்டுத் தேடும் என்னைப் போன்ற கிழவன் ஞாபகம்தான் வருகிறது.

விஷயம் இதுதான். பழைய எஸ்.எல்.ஆர். கேமராவில் லென்சுக்குப் பின்னால் ஒரு கண்ணாடி 45 டிகிரி சாய்வாக இருக்கும். லென்ஸ் வழியாக வரும் வெளிச்சத்தை அது மேலே திருப்பும். மேலே உள்ள பட்டகம் அதை நம் கண்ணுக்கு அனுப்பும். பட்டனை அழுத்தினால் கண்ணாடி தூக்கிக்கொள்ளும், வெளிச்சம் பிலிமில் விழும். 'டப்' என்று கேட்குமே, அந்தச் சத்தத்தில் பாதி கண்ணாடியுடையது. பிலிம் போய் சென்சார் வந்த பிறகு, சென்சார் பார்ப்பதையே நேராக ஒரு சின்னத் திரையில் காட்டிவிடலாம். கண்ணாடிக்கு வேலை இல்லை. கண்ணாடி போனதும் அது ஆடுவதற்கு விட்டிருந்த இடமும் மிச்சம். லென்ஸைச் சென்சாருக்கு மிக அருகில் கொண்டுவரலாம். நிக்கானின் பழைய 'எஃப்' மவுண்ட் 1959-இல் வந்தது, அதில் இந்தத் தூரம் 46.5 மில்லிமீட்டர். 2018-இல் வந்த அதன் 'இசட்' மவுண்டில் வெறும் 16. இந்த முப்பது மில்லிமீட்டர்தான் சண்டைக்கே காரணம் என்று சொல்லலாம். மவுண்ட் மாறினால் கேமராவை மட்டுமல்ல, லென்ஸ் அத்தனையையும் மாற்ற வேண்டும். லென்ஸில்தான் காசே இருக்கிறது.

படிக்கப் படிக்க எனக்கு ஆச்சரியமாக இருந்தது, யார் முதலில் இறங்கினார்கள் என்பதுதான். எஸ்.எல்.ஆர். சந்தையைப் பங்கு போட்டுக்கொண்டிருந்த கேனானும் நிக்கானும் இல்லை. 2008-இல் பானசோனிக் 'ஜி-1' கொண்டுவந்தது. அடுத்த வருடம் ஒலிம்பஸ். 2010-இல் சோனியும் சாம்சங்கும். இழக்க அதிகம் இல்லாதவர்கள்தான் முதலில் குதித்தார்கள். பெரியவர்கள் இரண்டு பேரும் ஒப்புக்கு வந்தார்கள். நிக்கான் 2011-இல் சின்னஞ்சிறு சென்சார் வைத்து 'நிக்கான் ஒன்' கொண்டுவந்தது. கேனான் 2012-இல் 'இ.ஓ.எஸ். எம்' கொண்டுவந்தது. தன் பெரிய கடையின் வியாபாரம் கெடக் கூடாது என்று பக்கத்திலேயே ஒரு பெட்டிக்கடை வைத்த மாதிரிதான் எனக்குப் பட்டது.

சோனி அப்படி நினைக்கவில்லை. 2013-இல் பிலிம் அளவுக்கே பெரிய சென்சார் வைத்த 'ஏ-7' வந்தது. கேனானும் நிக்கானும் அதற்குச் சமமாக ஒன்று கொண்டுவர 2018 ஆயிற்று. ஐந்து வருடம். அதற்குள் சாம்சங் ஓசையில்லாமல் விலகிப் போனது. நிக்கான் ஒன் நின்று போனது. பிறகு ஒலிம்பஸ் தன் கேமராப் பிரிவையே விற்றுவிட்டது. இத்தனைக்கும் இவர்கள் அடித்துக்கொள்வது வற்றிக்கொண்டு போகும் ஏரியில். 2010-இல் உலகம் முழுக்க 12 கோடி டிஜிட்டல் கேமரா அனுப்பினார்கள். இப்போது எல்லாம் சேர்த்து ஒரு கோடிக்கும் குறைவு. மீதியை நம் சட்டைப் பையில் இருக்கும் போன் குடித்துவிட்டது.

சரி, என் ஸ்டேட்மெண்ட்டுக்கு வருகிறேன்.

மருமகன் வைத்திருந்தது நிக்கான் டி-750, மூன்று லென்ஸ். நான் போட்ட கணக்கு எளிமையானது. நிக்கான் இசட்-6 வாங்கினால், அதற்கென்று உள்ள எஃப்.டி.இசட். அடாப்டரைப் போட்டுப் பழைய லென்ஸையே மாட்டலாம். எதையும் விற்க வேண்டாம். செலவு பாதிதான். எல்-1 அதுதான் என்று சிவப்பு மையில் எழுதி அவன் கையில் கொடுத்தேன்.

அவன் படித்துவிட்டுச் சிரித்தான். "மாமா, எல்லாம் சரி. ஆனா என் 80-200 லென்ஸ்ல மோட்டார் கிடையாது. டி-750 பாடியில இருக்கிற மோட்டார்தான் அதைத் திருப்பும். இந்த அடாப்டர்ல அது இல்ல. தாலி கட்டுற நேரத்துல நான் கையால ஃபோகஸ் திருப்பிக்கிட்டு நிக்க முடியுமா?"

எனக்கு அது தெரியாது. பிறகு படித்துப் பார்த்தால் வேறொரு வேடிக்கை. கேனான் 1987-இல் தன் பழைய மவுண்ட்டைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஆரம்பித்தது. பழைய லென்ஸ் வைத்திருந்தவர்கள் வயிறெரிந்தார்கள். ஆனால் அன்றே மோட்டாரை லென்சுக்குள் வைத்துவிட்டதால், முப்பது வருடம் கழித்து அடாப்டர் போட்டால் எல்லாமே ஒழுங்காக ஓடுகின்றன. பழைய வாடிக்கையாளனைக் கைவிடக் கூடாது என்று 1959 மவுண்ட்டையே காப்பாற்றி வந்த நிக்கானுக்குத்தான் கஷ்டம். நல்லது செய்தவனுக்குக் காலம் எப்போதும் உடனே கூலி கொடுப்பதில்லை.

"அப்ப எது வாங்கப் போற?"

"சோனி ஏ-7 மூணு. என் கூட வேலை செய்யற பசங்க எல்லார்கிட்டயும் அதுதான் இருக்கு. ஒரு லென்ஸ் இல்லன்னா கடன் வாங்கிக்கலாம். டாம்ரான்காரன் 28-75 போடறான், விலை பாதி. கண்ணைத் தானே தேடிப் பிடிச்சு ஃபோகஸ் வெக்கும், சத்தமே வராது."

இது என் காலத்தில் இல்லாத விஷயம். சோனி 2011-லேயே தன் மவுண்ட்டின் அடிப்படை விவரங்களை மற்ற லென்ஸ் கம்பெனிகளுக்குக் காசில்லாமல் திறந்துவிட்டது. அதனால் அதற்கு லென்ஸ் மலிந்து கிடந்தது. கேனான் தன் புதிய மவுண்ட்டைப் பூட்டியே வைத்திருந்தது. 2024-இல்தான் சிக்மாவுக்கும் டாம்ரானுக்கும், அதுவும் சின்ன சென்சார் லென்சுகளுக்கு மட்டும், கதவைக் கொஞ்சம் திறந்தது. என் ஏழு காலத்தில் 'பக்கத்து வீட்டுக்காரனிடம் கடன் கிடைக்குமா' என்று ஒரு காலம் இல்லை.

மூணரை லட்சம் தரவில்லை. ஒரு பிக்சட் டெபாசிட்டை முறித்து இரண்டு லட்சம் கொடுத்தேன். மீதிக்குத் தன் நிக்கான் சாமான் அத்தனையையும் விற்றான். எல்லாரும் ஒரே நேரத்தில் விற்றால் என்ன விலை கிடைக்கும்? கடைக்காரர் சொன்ன தொகையை என்னிடம் சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மாதம் பத்தாயிரமாகத் திருப்பித் தருவதாகப் பேச்சு. ஜனவரி, பிப்ரவரி, மார்ச், மூன்று தவணை வந்தது.

பிறகு கொரோனா. ஊரடங்கு. கல்யாணம் எல்லாம் இருபது பேரோடு வீட்டுக்குள் முடிந்தது. படமெடுக்க போன் போதும்.

தவணை நின்றது. அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. அவனே வருவதை நிறுத்திவிட்டான், அதுதான் வலித்தது. தீபாவளிக்கு வரவில்லை, பொங்கலுக்கு வரவில்லை. ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பில் போட்டுக்கொண்டிருக்கிறான் என்று தங்கை சொல்லித்தான் தெரியும். கேமரா? அலமாரியில். "பணத்துக்கு அவசரமில்லை. வீட்டுக்கு வா" என்று செய்தி அனுப்பினேன். இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் இல்லை. நான்தான் அந்தக் கடனைக் கொடுத்து அவனை என்னிடமிருந்து விரட்டிவிட்டேனோ என்று பல ராத்திரி யோசித்திருக்கிறேன். என் எல்-1-ஐ அவன் கேட்டிருந்தால் கடனே பாதிதானே ஆகியிருக்கும் என்ற அற்ப எண்ணமும் வந்தது. மறைக்கவில்லை.

2022 ஜனவரியில் எதுவும் சொல்லாமல் கணக்கில் பத்தாயிரம் வந்தது. அடுத்த மாதமும் வந்தது. முகூர்த்தங்கள் திரும்பிவிட்டன என்று புரிந்துகொண்டேன்.

2023 மே மாதம் கடைசித் தவணை. அதைக் கணக்கில் போடாமல் கையில் எடுத்துக்கொண்டு வந்தான். கூடவே கேமராப் பை. காபி வந்தது. குடித்தான். பிறகு, "மாமா, பெரிய மாமாவோட அந்த மினோல்டா இருக்கா?" என்றான்.

என் அண்ணனைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். 1962 ஆகஸ்டில் ஒப்பந்தம் அமலுக்கு வந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். அப்பா எழுதிக் கொடுக்கவில்லை. பன்னிரண்டு வயதான எனக்கு அப்பாவின் முடிவுதான். அண்ணனுக்கு இருபது வயது. யாரிடமும் சொல்லாமல் போய் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தான். பிறகு அங்கே ராணுவத்தில் சேர்ந்து சொல்தா ஆனான். அப்பா நான்கு வருடம் அவனுக்குக் கடிதம் எழுதவில்லை.

1976-இல் லீவில் வந்தபோது, தான் வைத்திருந்த மினோல்டா எஸ்.ஆர்.டி. 101-ஐ, 50 மி.மீ. ரொக்கோர் லென்சோடு என் கையில் கொடுத்துவிட்டுப் போனான். என் கல்யாணம், பிள்ளைகள், அப்பாவின் கடைசிப் படம் எல்லாம் அதில் எடுத்ததுதான். 1985-இல் மினோல்டா ஆட்டோஃபோகஸுக்கு மவுண்ட்டை மாற்றியது. 2006-இல் கம்பெனி கேமராத் தொழிலையே விட்டு, அதைச் சோனியிடம் கொடுத்தது. அண்ணன் 2011-இல் பிரான்சிலேயே இறந்தான். கேமரா பீரோவில். கடல் காற்றில் லென்ஸில் பூஞ்சை பிடிக்காமல் இருக்க, அரிசி முடிந்த துணியை மாதா மாதம் மாற்றி வைப்பேன். எதற்கென்று எனக்கே தெரியாது.

மருமகன் பையிலிருந்து ஒரு உலோக வளையத்தை எடுத்தான். விரற்கடை கனம். "இது எம்.டி. அடாப்டர் மாமா. பெரிய மாமா லென்சுக்கு 43.5 மில்லிமீட்டர் தூரம் வேணும். சோனிக்கு 18. நடுவுல இந்த வளையம் போட்டா சரியாப் போச்சு. என் பழைய நிக்கான்ல இது முடியாது. அதுல 46.5, உள்ள தள்ள இடமே இல்ல."

கண்ணாடி போனதால் மிச்சமான இடம். அந்த இடத்தில் என் அண்ணனின் லென்ஸ் உட்கார்ந்தது.

கேமராவை என் கையில் கொடுத்தான். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தேன். சமையல்கட்டு வாசலில் வீட்டுக்காரி நின்றுகொண்டிருந்தாள். லென்ஸ் வளையத்தைத் திருப்பினேன். எழுபத்தாறில் இருந்த அதே இறுக்கம், வெண்ணெயில் கத்தி போவது மாதிரி. தெளிவான இடங்களில் எல்லாம் சின்னச் சின்னதாகச் சிவப்புக் கோடு மினுங்கியது. அவள் புருவத்தில் சிவப்பு வந்ததும் அழுத்தினேன். 'டப்' வரவில்லை.

"எடுத்தாச்சா?" என்றாள்.

எடுத்தாயிற்று. அந்தப் படம் இப்போது ஹாலில், அப்பா படத்துக்குக் கீழே இருக்கிறது. இரண்டும் ஒரே லென்ஸ்.

இந்த சண்டையில் யார் ஜெயித்தார்கள் என்று கேட்டால், சொல்வது கஷ்டம். 2020-லேயே மிரர்லெஸ் எண்ணிக்கையில் எஸ்.எல்.ஆரைத் தாண்டிவிட்டது. 2021-இல் நிக்கான் 'இசட்-9' கொண்டுவந்து, இயந்திர ஷட்டரையே எடுத்துவிட்டுப் பழைய மரியாதையைத் திரும்பப் பிடித்தது. என் எல்-1 அவ்வளவு தப்பில்லை என்று மருமகனிடம் சொன்னேன். "ஆமா மாமா" என்றான், பெரியவர்களிடம் சொல்கிற அந்த ஆமாவாக.

கம்பேரடிவ் ஸ்டேட்மெண்ட்டைக் கிழிக்கவில்லை. அடாப்டர் வந்த அட்டைப்பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கிறேன். கடைசித் தவணைப் பத்தாயிரத்தை அன்று அவன் பையிலேயே, அவனுக்குத் தெரியாமல், வீட்டுக்காரி வைத்து அனுப்பிவிட்டாள். எனக்கும் இரண்டு நாள் கழித்துத்தான் தெரியும்.