படலத்தை வளர்க்கும் கரைப்பான்

பைரோலை நேர்மின்வாயில் ஆக்சிஜனேற்றம் செய்தால் மின்வாயின்மேல் கரிய படலம் ஒன்று படிகிறது. அதுவே மின்சாரத்தைக் கடத்தும் பாலிபைரோல். 1968-இல் இத்தாலியில் டால் ஒலியோ குழுவினர் நீர்த்த கந்தக அமிலத்தில் பெற்ற படிவு கறுப்பாக, எளிதில் நொறுங்குவதாக இருந்தது. 1979-இல் ஐபிஎம் ஆய்வகத்தில் டயஸ், கனசாவா, ஜார்டினி மூவரும் அசிட்டோநைட்ரைலில் வளர்த்ததோ உரித்தெடுக்கும் அளவுக்கு உறுதியான படலம். கடத்துதிறனும் பலமடங்கு கூடியது. மின்பகுளியும் மாறியிருந்தது உண்மைதான். ஆனாலும் கரைப்பானின் பங்கு பெரிது. ஆய்வறிக்கைகளில் அதன் பெயர் செய்முறைப் பகுதியின் ஒரு வரியோடு முடிந்துவிடுவது நியாயமில்லை.

எலக்ட்ரானை இழந்த பைரோல், ரேடிக்கல் நேரயனி ஆகிறது. இரண்டு நேரயனிகள் இணைந்து இரண்டு புரோட்டான்களை உதிர்க்கின்றன. இப்படிப் பிறக்கும் இருபடி, பைரோலைவிட எளிதாக ஆக்சிஜனேற்றமடைவதால் சங்கிலி நீள்கிறது. நீண்டபின் கரைய முடியாமல் மின்வாயில் படிகிறது. நேரயனியின் ஆயுள் மிகக் குறைவு. அதற்குள் கரைப்பான் அதைத் தாக்கிவிட்டால் சங்கிலியே இல்லை.

மின்பகுளியைக் கரைக்க மின்காப்பு மாறிலி உயர்ந்த கரைப்பான் தேவை. அது மட்டும் போதுமானால் டைமெத்தில்ஃபார்மமைடும் பயன்பட்டிருக்க வேண்டும். அதன் மாறிலி சுமார் 37, அசிட்டோநைட்ரைலுக்குச் சுமார் 36. வேறுபாடு இல்லையென்றே சொல்லலாம். ஆனால் முன்னதில் படலம் வளர்வதில்லை. விடை, எலக்ட்ரான் இணையைத் தரும் திறனை அளக்கும் குட்மனின் கொடை எண்ணில் இருக்கிறது: அசிட்டோநைட்ரைலுக்கு 14.1, டைமெத்தில்ஃபார்மமைடுக்கு 26.6, டைமெத்தில் சல்பாக்சைடுக்கு 29.8. கொடை மிகுந்த கரைப்பான் நேரயனியைக் கவ்விக்கொள்கிறது. பாரா டொலுயீன் சல்போனிக் அமிலம் சேர்த்து அந்தக் கொடைத் திறனை அடக்கினால் டைமெத்தில்ஃபார்மமைடிலும் படலம் கிடைக்கும்.

நீரின் கொடை எண் சுமார் 18. இடைப்பட்ட இந்த நிலைக்கேற்பவே அதன் நடத்தையும் இருக்கிறது. அசிட்டோநைட்ரைலில் ஒரு சதவீத அளவு நீர் இருந்தால் பிளாட்டினத்தின்மேல் படலம் நன்றாக ஒட்டுகிறது. வினையில் உதிரும் புரோட்டான்களையும் நீர் ஏற்றுக்கொள்கிறது. இல்லையேல் அவை பைரோலையே பிடித்து, கடத்தாத குறுஞ்சங்கிலிகளாக்கிவிடும். மின்னழுத்தம் அளவு மீறும்போது மட்டும் அதே நீர் வளையங்களில் ஆக்சிஜனை ஏற்றிக் கடத்துதிறனைக் கெடுக்கிறது.

தயோபீனில் சிக்கல் வேறு. வழக்கமான கரைப்பான்களில் அது ஆக்சிஜனேற்றமடையத் தேவைப்படும் மின்னழுத்தத்தில் பாலிதயோபீனே சிதைந்துவிடும். பிறக்கும்போதே அழிகிற பொருள். 1995-இல் சீன ஆய்வாளர்கள் போரான் டிரைஃப்ளோரைடு டைஎத்தில் ஈதரேட்டையே கரைப்பானாக்கினர். அது தயோபீன் வளையத்தின் நிலைப்பைத் தளர்த்தியதால் சுமார் 1.3 வோல்ட்டிலேயே பலபடி வளர்ந்தது. கிடைத்த படலத்தின் இழுவலிமை சதுர சென்டிமீட்டருக்கு 1200 முதல் 1300 கிலோகிராம். அலுமினியத் தகட்டைவிட அதிகம்.

தயோபீன் வகையிலேயே இன்று பரவலாகப் பயன்படும் பெடாட் பலபடியின் மூலப்பொருளான ஈடாட், நீரில் லிட்டருக்கு இரண்டு கிராம் அளவே கரைகிறது. எனவே அசிட்டோநைட்ரைல் அல்லது புரொப்பிலீன் கார்பனேட்டை நாடுகின்றனர். நீரே வேண்டுமென்றால் சோடியம் டோடெசில் சல்பேட் சேர்க்கின்றனர். அதன் நுண்திரள்கள் ஈடாட்டைக் கரைப்பதோடு ஆக்சிஜனேற்ற மின்னழுத்தத்தையும் குறைக்கின்றன.