மறுப்பும் கேட்டல் வேண்டும்

வாதம் என்றவுடன் வெற்றியை நினைப்போர் பலர். உண்மையை நினைப்போர் சிலரே. அப்பலருள் ஒருவனாக நானும் நெடுநாள் இருந்தேன்.

ஆசிரியப் பணியேற்ற தொடக்க ஆண்டுகளில், தேர்வொன்றில் இரு மாணவரின் விடைகள் சொல்லுக்குச் சொல் ஒத்திருந்தன. பிழைகளும் ஒன்றே. ஒருவன் மற்றவனைப் பார்த்து எழுதினான் என முடிவு கட்டினேன். பின்வரிசையில் அமர்ந்திருந்தவனை வகுப்பறையிலேயே கடிந்தேன். அவன் வாய் திறக்கவும் இடமளிக்கவில்லை. இருவரும் ஒரே பழைய குறிப்பேட்டை மனப்பாடம் செய்தவர்கள் என்பது திங்கள் ஒன்று கழிந்தபின் தெரிந்தது. அதற்குள் அவன் கல்லூரியை விட்டே நின்றுவிட்டான்.

என் பிழை யாது என்பதைப் பின்னாளில் உணர்த்தியவர் ஆங்கிலேய மெய்யியலறிஞர் ஸ்டீஃபன் டூல்மின். நீதிமன்ற வழக்காடலை முன்மாதிரியாகக் கொண்டு வாதத்தின் உறுப்புகளை 1958-இல் அவர் வகுத்துரைத்தார். சான்றும் முடிவும் மட்டும் போதா; இரண்டையும் இணைக்கும் பொதுவிதி வேண்டும்; அவ்விதிக்கு ஆதாரம் வேண்டும்; விலக்கும் கூறப்பட வேண்டும். 'ஹாரி பெர்முடாவில் பிறந்தவர். ஆதலின் பிரித்தானியக் குடிமகன்' என்பது அவர் காட்டும் சான்று. பெற்றோர் இருவரும் அயல்நாட்டினராயின் அம்முடிவு நில்லாது. நான் கண்ட சான்று மெய்யே. விலக்கைத்தான் கேளாது விட்டேன்.

இவ்வாராய்ச்சி தமிழுக்குப் புதிதன்று. பக்கம், ஏது, திட்டாந்தம் என்பவற்றோடு அவற்றின் போலிகளையும் மணிமேகலை விரித்துரைக்கின்றது.

1995-இல் வியட்நாமிய அறிஞர் ஃபான் மின் டுங் இதனைக் கணினிக்கு ஏற்றவாறு கணித வடிவில் அமைத்தார். ஒரு வாதத்தை மற்றொன்று தாக்கும். தாக்கியதை மூன்றாவதொன்று வீழ்த்துமாயின் முதல் வாதம் மீண்டும் நிற்கும். சட்டத்துறைக்கான செயற்கை நுண்ணறிவு ஆய்வுகள் பலவற்றுக்கு இக்கருத்து அடித்தளமாயிற்று.

ஆயினும், சரளமாக உரைப்பனவெல்லாம் வாதமாகா. சாட்ஜிபிடி புனைந்து தந்த, இல்லாத தீர்ப்புகளை மேற்கோள் காட்டிய வழக்குரைஞர்களுக்கு 2023-இல் நியூயார்க் நீதிமன்றமொன்று 5,000 டாலர் தண்டம் விதித்தது. அங்கே சொல் இருந்தது, ஆதாரம் இல்லை.

மாணவச் செல்வங்களே! நாளை நீங்கள் நீதிபதிகளாகலாம். தீர்ப்புக்குத் துணைபுரியும் பொறிகளை ஆக்கலாம். எந்நிலையிலும், முடிவு கூறுமுன் "இதற்கு மறுப்பு உண்டா?" என ஒருமுறை வினவுங்கள். அவ்வொரு வினாவை அன்று நான் கேட்டிருப்பின், ஒரு மாணவன் பட்டம் பெற்றிருப்பான்.