மைதானமும் ஆலயமும்

கொல்கத்தாவில் பல்லாண்டுகள் குடியிருந்துவிட்ட நமக்கு இன்றும் வியப்பூட்டுவது இந்நகரத்தாரின் கால்பந்து ஆர்வமே. மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் மோதும் நாளில் பேருந்திலும் தேநீர்க் கடையிலும் வேறு பேச்சுக்கு இடமில்லை. 1997-ஆம் ஆண்டு ஜூலை 13-ஆம் நாள் இவ்விரு கழகங்களும் சால்ட் லேக் மைதானத்தில் ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதியில் சந்தித்தபோது 1,30,000-க்கும் மேற்பட்டோர் திரண்டிருந்தனர். இதே நகரில் ஞாயிறுதோறும் நாம் செல்லும் தமிழ் ஆராதனையிலோ முன்வரிசை இருக்கைகள் வெறுமையாகக் கிடக்கின்றன.

பந்தாட்டத்தையும் பக்தியையும் ஒப்பிடுவது தகுமோ என்று சிலர் வினவக்கூடும். பவுல் அப்போஸ்தலரே, கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 9-ஆம் அதிகாரத்தில், பந்தயச் சாலையில் ஓடுவோரை விசுவாசிகளுக்கு உவமை காட்டினார். ஓடுவோரிடம் அவர் பாடம் கண்டார். பார்த்து ஆர்ப்பரிப்போரிடமும் பாடம் உண்டு என்பதே நம் கருத்து.

நம் அண்டை வீட்டார் ஒரு வங்காளப் பெரியவர். 1950-ஆம் ஆண்டில் பரிசாலிலிருந்து கைக்குழந்தையாக இந்நகருக்குக் கொண்டுவரப்பட்டவர். ஈஸ்ட் பெங்கால் அன்பர். பந்தைக் காலால் தொட்டே அரை நூற்றாண்டு ஆகியிருக்கும். ஆயினும் ஆட்டம் முடிந்து வீடு திரும்புகையில், “ஆம்ரா வென்றோம்” அல்லது “ஆம்ரா தோற்றோம்” என்றே கூறுவார். ‘ஆம்ரா’ என்றால் ‘நாம்’. “அவர்கள் தோற்றார்கள்” என்று அவர் சொல்லி நாம் கேட்டதில்லை.

இனி, ஆராதனை முடிந்து வெளியே வரும் நம்மவர் பேச்சைக் கேளுங்கள். “ஐயர் பிரசங்கம் இன்று நீளம்.” “பாடற்குழுவினர் சுருதி பிசகிவிட்டார்கள்.” “கமிட்டியார் கணக்கை ஒழுங்காக வைப்பதில்லை.” எல்லாம் அவர், அவர்கள்! களத்தில் இறங்க இயலாத ரசிகர் தம்மை ஆட்டக்காரராகவே எண்ணுகிறார். ஒவ்வொருவரும் களத்தில் இறங்க வேண்டிய திருச்சபையிலோ நாம் நுழைவுச்சீட்டு வாங்கி வந்த பார்வையாளராக அமர்ந்திருக்கிறோம். இக்குறையே மற்றக் குறைகளுக்கெல்லாம் வேர்.

‘நாம்’ என்னும் உணர்வு தோல்வியிலும் தளர்வதில்லை. 2012-ஆம் ஆண்டில் ஃபெடரேஷன் கோப்பையை வென்ற ஈஸ்ட் பெங்கால், அடுத்த அகில இந்தியக் கோப்பையைக் காண 2024-ஆம் ஆண்டு சூப்பர் கோப்பை வரையில் காத்திருக்க நேர்ந்தது. அப்பன்னிரண்டு ஆண்டுகளும் நம் அண்டை வீட்டார் கழகத்தை ஏசினார், வருந்தினார், உண்ணாமற் படுத்தார், ஆனால் விட்டுவிடவில்லை. அவர் நோயுற்றுக் கிடந்த நாட்களில் மைதானத்தில் பக்கத்து இருக்கையில் அமரும் இருவர் முறைவைத்து வந்து பார்த்துச் சென்றனர். நம் சபையிலோ மூதாட்டி ஒருவர் மூன்று ஞாயிறுகள் வராதிருந்தார். நான்காம் வாரம் அவர் மருத்துவமனையில் இருக்கும் செய்தி பீடத்திலிருந்து வாசிக்கப்பட்டபோதுதான் சபையார் பலரும் அதனை அறிந்தனர்.

அந்நியரை ஏற்கும் பண்பும் இவ்வுணர்வினின்றே பிறக்கிறது. 1947-ஆம் ஆண்டுப் பிரிவினைக்குப் பின் வீடும் நிலமும் இழந்து வந்த மக்களுக்கு ஈஸ்ட் பெங்கால் கழகம் ஒரு புகலிடம் போலாயிற்று. அக்காலத்தில் அதன் முன்னணியில் ஆடிய வெங்கடேஷ், அப்பாராவ், தன்ராஜ், அகமது கான், சாலே ஆகிய ஐவரும் தென்னாட்டவர். மொழியும் உணவும் வேறான அவர்களை வங்க ரசிகர் ‘பஞ்ச பாண்டவர்’ என்று பெயரிட்டுத் தம் வீட்டுப் பிள்ளைகளாகவே கொண்டாடினர். வேலை தேடித் திருநெல்வேலியிலிருந்து வரும் ஓர் இளைஞன் நம் ஆலயத்தில் நுழைந்தால் நிகழ்வது என்ன? தென்னிந்தியத் திருச்சபையா, லுத்தரனா என்று ஒரு கேள்வி. எந்த ஊர் என்று மற்றொன்று. யாருடைய மகன் என்று மூன்றாவது. மூன்றாம் கேள்வியின் உட்பொருள் அவனுக்கும் தெரியும், கேட்போருக்கும் தெரியும். மறு ஞாயிறு அவன் வருவதில்லை.

நிற்க. ரசிகரிடம் கற்கத் தகாதனவும் உண்டு. 1980-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 16-ஆம் நாள் ஈடன் தோட்ட மைதானத்தில் இவ்விரு கழகங்களின் ஆட்டத்தின்போது மூண்ட கலவரத்தில் 16 பேர் உயிரிழந்தனர். ‘நாம்’ என்பது ‘அவர்களைப்’ பகைப்பதாகத் திரியும்போது விளைவது இதுவே. திருச்சபைகளின் வழக்குகளையும் பிளவுகளையும் அறிந்தோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. அதே ரசிகர் கூட்டமே 2024-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 18-ஆம் நாள், கொல்லப்பட்ட ஓர் இளம் பெண் மருத்துவருக்கு நீதி கோரி, சால்ட் லேக் மைதானத்தருகே இரு கொடிகளையும் ஒருங்கே ஏந்தி நின்றது. துயருற்றோர் பொருட்டு எதிரணியாரோடும் கைகோக்க அவர்களால் இயன்றதெனில், ஒரே ஆண்டவரைத் தொழுவோருக்கு இயலாதோ?

1911-ஆம் ஆண்டில் ஐ.எஃப்.ஏ. கேடய இறுதியாட்டத்தில் ஆங்கிலேயப் படைப்பிரிவினரை 2-1 என வென்ற மோகன் பகான் அணியில் பதின்மர் வெறுங்காலினர். காலணி பூண்டு ஆடிய ஒருவரான சுதீர் சட்டர்ஜி கிறிஸ்தவர். பின்னாளில் குருப்பட்டம் பெற்றவர். மைதானமும் ஆலயமும் ஒன்றுக்கொன்று அந்நியமல்ல என்பதற்கு அவரே சான்று.

ஆரவாரமும் முழவோசையும் ஆலயத்திற்கு வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. வேண்டுவன மூன்றே. வராதவரை அவ்வாரமே வீடு தேடிச் சென்று காண்போம். புதிதாக வருவோரிடம் குலமும் கோத்திரமும் துருவாது, “மதிய உணவுக்கு நம் வீட்டுக்கு வாருங்கள்” என்று அழைப்போம். தமிழ் படிக்கத் தெரியாத நம் பிள்ளைகளைப் பின்வரிசையில் வாளாவிருத்தாமல், வேதபாடத்தின் ஒரு வசனத்தையேனும் சொல்லிக்கொடுத்து முன்னே நிறுத்துவோம். கிறிஸ்தவரல்லாத வாசக அன்பர்கள், ‘ஆலயம்’ என்றவிடத்து ‘நம் சங்கம்’ என்று மாற்றிப் படித்துக்கொள்ளலாம். சங்கக் கூட்டத்திலும் முன்வரிசைகள் காலியாகத்தானே இருக்கின்றன!