பெல்ட்டின் கடைசிச் சாண்

கிண்டி தொழிற்பேட்டையைத் தாண்டி ஈக்காட்டுத்தாங்கலுக்குப் போகும் வழியில் ஒரு பஞ்சர் கடை. ஐப்பசி ஞாயிற்றுக்கிழமை, வானம் மூடியிருந்தது. என் ஸ்கூட்டரின் டியூபைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கிக் குமிழ் தேடிக்கொண்டிருந்தார் கடைக்காரர். பக்கத்து மனையில் பழைய கார் விற்கிறார்கள். நடுவே இடுப்பளவுத் தகரத் தடுப்பு. அங்கே பேசுவதெல்லாம் இங்கே ஸ்டூலில் இருப்பவனுக்குக் கேட்கும்.

ஆட்டோ ஒன்று வந்து நின்றது. கணவன், மனைவி, பத்து வயதுப் பையன் இறங்கிய பிறகு பாட்டி இறங்கினார். ஒரு கை கம்பியில், ஒரு கை மருமகள் தோளில். இடது காலைத் தரையில் ஊன்றி, மூச்சு வாங்கி, வலது காலை இழுத்துக்கொண்டார். இவர்களுக்குக் கார் எதற்கு என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இருந்தாலும் மருமகள் சொன்னார்: "வீடு சைதாப்பேட்டை. மாசம் ரெண்டு தடவை அத்தையைக் கிங் இன்ஸ்டிடியூட் பக்கத்துல முதியோர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும். மத்தபடி பையன் ஸ்கூல், எப்பவாச்சும் தாம்பரம்."

பின்னாலேயே டிவிஎஸ் எக்ஸெல்லில் ஒரு மெக்கானிக் வந்தார். அறுபது வயதிருக்கும். "பாய், நீங்க பாத்துச் சொன்னாத்தான்" என்றார் கணவர்.

விற்பவர் முதலில் காட்டியது வெள்ளி நிறத்தில் ஒரு சின்னக் கார். 2013 மாடல். விலை எதிர்பார்த்ததைவிடக் குறைவு. "38,000 கிலோமீட்டர்தான் சார். டாக்டர் வச்சிருந்த வண்டி." பையன் அதற்குள் ஸ்டியரிங்கைப் பிடித்தாயிற்று.

பாய் ஒன்றும் பேசவில்லை. பானெட்டில் உள்ளங்கையை வைத்தார். "காலையிலயே ஸ்டார்ட் பண்ணிட்டீங்களா?" விற்பவர் சிரித்தார். சூடான இன்ஜின் தன் குறையைக் காட்டாது. ராத்திரி முழுக்கச் சும்மா நின்ற வண்டியைக் காலையில் முதல் சாவி திருப்பும்போதுதான் உள்ளே இருக்கும் சத்தமும், ஆயில் எரிகிற நீலப் புகையும் வெளியே வரும். பிறகு பாய் குனிந்து கிளட்ச், பிரேக் மிதிகளைப் பார்த்தார். ரப்பரின் வரிகள் தேய்ந்து மொழுமொழுவென்றிருந்தன. மீட்டரில் எண்ணைத் திருப்பி வைக்கலாம், கால் தேய்த்ததைத் திருப்பி வைக்க முடியாது.

கதவைத் திறந்து மூக்கை உள்ளே நீட்டினார். மல்லிகை வாசனை ஸ்பிரே. தரை விரிப்பு புத்தம் புதிது. பதினோரு வருஷ சீட்டுக்குக் கீழே புது விரிப்பு எதற்கு?

டிரைவர் சீட் பெல்ட்டைப் பிடித்து இழுக்க ஆரம்பித்தார். மாட்டிக்கொள்வதற்கு இழுக்கிற அளவல்ல. ஒரு முழம், இரண்டு முழம், உருளை தட்டி நிற்கும் வரை. அங்கே, எப்போதும் தூணுக்குள்ளேயே சுருண்டு கிடக்கிற அந்தக் கடைசிச் சாண் பட்டையில், பழுப்பாக ஒரு கோடு. நகத்தால் சுரண்டினார். காய்ந்த சேறு மாவாக உதிர்ந்தது. விரல் நுனியில் ஒட்டியதை மருமகளிடம் காட்டினார்.

எனக்கு 2015 டிசம்பர் ஞாபகம் வந்தது. செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்துவிட்ட அந்த இரவில் அடையாறு கரை தாண்டி இதே ஈக்காட்டுத்தாங்கலிலும் கிண்டிப் பட்டறைகளிலும் புகுந்தது. 2023இல் மிக்ஜாம் புயல். இப்போது மழை எச்சரிக்கை வந்தாலே வேளச்சேரிக்காரர்கள் காரைக் கொண்டுபோய் மேம்பாலத்தில் நிறுத்துகிறார்கள். முழுகின வண்டியை இன்ஷூரன்ஸ்காரர்கள் முழு நஷ்டம் என்று கணக்கு முடித்து ஏலம் விடுகிறார்கள். ஏலத்தில் எடுத்தவர் கழுவி, பாலிஷ் போட்டு, மல்லிகை அடித்து விற்கிறார். தண்ணீர் போனாலும் ஒயர் முனைகளில் பச்சைக் களிம்பு மெல்லப் பூத்துக்கொண்டேயிருக்கும். ஆறு மாதம் கழித்து ஒரு நாள் நடுரோட்டில் வண்டி நிற்கும். அப்போது பின் சீட்டில் இந்தப் பாட்டி இருக்கலாம். இதை வியாபார சாமர்த்தியம் என்று என்னால் ஏற்க முடியாது.

"வேற காட்டுங்க" என்றார் மருமகள். குரல் உயரவில்லை.

கணவருக்கு ஒரு டீசல் வண்டி மேல் கண். பாய் தலையசைத்தார். "டீசல் தினம் அம்பது அறுபது கிலோமீட்டர் ஓடறவங்களுக்குத்தான் சார் கட்டும். நீங்க மாசம் 400 ஓட்டுவீங்களா? பெட்ரோலே போதும். கம்பெனி கணக்கு இருபது சொல்லும். கத்திப்பாராவுல ஏசி போட்டு நின்னு நின்னு போனா பதிமூணு, பதினாலு. முப்பது லிட்டர், மூவாயிரம் ரூபா வைங்க."

கடைசியில் 2014 வேகன் ஆர் ஒன்று. உயரமான கூரை. பாய் சொல்வதற்கு முன்பே மருமகள் பின் கதவைத் திறந்து, "அத்தை, உக்காந்து பாருங்க" என்றார். பாட்டி முதுகைக் காட்டி நின்று, அப்படியே பின்னால் உட்கார்ந்து, காலை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே வைத்தார். குனியவில்லை, யார் தோளையும் பிடிக்கவில்லை. "இது திண்ணை மாதிரி இருக்குடி" என்றார்.

இந்த பெல்ட்டும் கடைசி வரை வந்தது. சுத்தம். டயரில் 2218 என்ற நாலு இலக்கம்: 2018ஆம் வருஷம் 22ஆவது வாரம் செய்தது. "வரி இருக்கு, ஆனா ரப்பர் செத்துப்போச்சு. நாலும் மாத்தணும். வெலையில கழிங்க." ஆர்.சி.யில் பேங்க் கடன் பதிவு இன்னும் நீங்கவில்லை. கடன் முடிந்ததற்கு என்.ஓ.சி.யும் ஃபாரம் 35ம் வேண்டும். 29, 30 பெயர் மாற்றத்துக்கு. 15 வருஷப் பதிவு 2029இல் முடியும் என்பதையும் பாய் விரல் விட்டு எண்ணிச் சொன்னார்.

"நேம் டிரான்ஸ்ஃபர் அப்புறம் பாத்துக்கலாம் மேடம், ஓனர் கையெழுத்து போட்டுக் குடுத்துட்டாரு."

"பேர் மாறட்டும். மீதிப் பணம் அன்னிக்குத் தர்றோம்."

அந்த முகம் தெரியாத பழைய ஓனருக்கும் இந்த அம்மா நல்லது செய்துவிட்டார். வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வண்டியை மறந்தவர்கள் எத்தனையோ பேர். பதிவேட்டில் யார் பெயரோ, விபத்து நஷ்டஈட்டுக்கு அவரே பொறுப்பு என்று நவீன் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018இல் சொல்லிவிட்டது.

முன்பணம் பத்தாயிரம் கைமாறியது. பாட்டி இறங்க மனமில்லாமல் உட்கார்ந்திருந்தார். என் டயரைப் பூட்டிக் காற்று அடிக்க ஆரம்பித்திருந்தார் கடைக்காரர்.

வாசலில் ஒரு பைக் நின்றது. உணவு டெலிவரி சட்டையில் ஒரு பையன், பின்னால் கர்ப்பிணிப் பெண். விலை எழுதிய அட்டையைப் பார்த்துவிட்டு நேரே வெள்ளி நிற வண்டிக்கு நடந்தார்கள்.

எக்ஸெல்லைக் கிளப்பப்போன பாய் அவர்களைப் பார்த்தார். ஸ்டாண்டைத் திரும்பப் போட்டார். விற்பவர் ரசீது எழுதிக்கொண்டிருந்தார். பாய் அந்த வண்டியின் கதவைத் திறந்து, பெல்ட்டை உருளை தட்டும் வரை இழுத்து, சேறு படிந்த பக்கத்தை வெளியே விட்டுக் கதவைச் சாத்திவிட்டு, யாரையும் பார்க்காமல் நடந்து போனார்.

கதவிடுக்கில் பட்டை தொங்கியது. அந்தப் பெண்தான் முதலில் குனிந்தாள்.